ஈரக் கழிவு

சின்னப்பாலம் பள்ளியில் பத்துக் கணினி.
ஓடுவது ஆறு.
மீதி நாலின் வயிற்றில் உப்பு ஏறிவிட்டது.
திறந்து பார்த்த ராமநாதபுரத்துக்காரர்
பச்சை பூத்த பலகையைத் தடவி
"கடலுக்குள்ளயா வச்சிருந்தீங்க டீச்சர்?" என்றார்.
கிட்டத்தட்ட, என்றேன்.
சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று,
சாத்தினால் பிள்ளைகள் அவிந்துபோவார்கள்.

எட்டாம் வகுப்பு, புதன், நான்காம் பாடவேளை.
ஒரு திரைக்கு ஐந்து தலை.
விரிதாள் என்கிறது பாடநூல்,
எக்செல் என்கிறோம் நாங்கள்.
நெடுக்கே கோடு, குறுக்கே கோடு.
"வலை மாதிரி இருக்கு" என்றான் ஆரோக்கிய ஜெனிஸ்.
"கண்ணி ரொம்பப் பெருசு. ஒண்ணும் மாட்டாது."

நூலில் எடுத்துக்காட்டு இருந்தது:
ரவி ஐந்து கிலோ ஆப்பிள் வாங்கினான்.
கிலோ என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.
சரி, உங்களுக்குத் தெரிந்த கணக்கை ஏற்றுங்கள் என்றேன்.
யோசித்துச் சொன்னதல்ல.
மணி அடிக்க இருபது நிமிடம் கிடந்தது, அவ்வளவுதான்.

ஒருவன் கிரிக்கெட் ஓட்டங்களை ஏற்றினான்.
ஒருத்தி வீட்டு ரீசார்ஜ் கணக்கை.
நம்புசெல்வி மட்டும்
பென்சில் டப்பாவிலிருந்து ஒரு தாள் எடுத்தாள்,
மடித்து மடித்து நைந்த காலண்டர் தாள்.
அம்மா கடலிறங்கிய நாள் பன்னிரண்டு.
வனத்துறைப் படகு வராத நேரம் பார்த்துத்
தீவோரம் மூச்சடக்கி,
விரலில் துணி சுற்றிப் பறித்த பாசி.
வத்தையின் தொங்குதராசில் நிறுத்து
வீட்டுக் கதவில் கரியால் எழுதியதை
இவள் தாளில் இறக்கியிருந்தாள்.

பதினெட்டு. இருபத்தொன்று. பதினாறரை.
ஒற்றை விரலால் தட்டினாள்,
படிக்கல் வைப்பதுபோல் ஒவ்வொன்றாய்.
சமக்குறி, அடைப்புக்குறி, எண்டர்.

214.

"இன்னொரு தரம் போடுங்க டீச்சர்."
போட்டேன். மாறவில்லை.
"ஏவாரி பத்துக்கு ஒண்ணு ஈரக் கழிவுன்னு எடுப்பாரு.
அதையும் கழிங்க."

192.6.

தாளின் கடைசி வரியில்
ஏவாரி சொன்ன எண் இருந்தது:
நூற்று அறுபத்து மூன்று.
அதற்கு மட்டும் பேனா மை.

ஐந்து தலையும் என் பக்கம் திரும்பின.
"மிசினு தப்பாப் போடுமா டீச்சர்?"
போடாது, நாம் இடுவதுதான் வரும் என்று
போன வாரம்தான் சொல்லியிருந்தேன்.
தேர்வுக்கு வரும், அடிக்கோடு இடுங்கள் என்றும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
மின்சாரம் போனால் எங்கள் ஆறு திரையையும் காக்கும் இன்வெர்ட்டர்
மூலையில் முனகிக்கொண்டிருந்தது.
அதன் நெற்றியில் சிவப்புப் பெயின்ட்:
உபயம் – சே. இருளாண்டி, பாசி வியாபாரம்.
அன்றைக்கு நன்றியுரை நான்தான்.
"இருளகற்றிய" என்று தொடங்கி
பெயர் ஞாபகம் வந்து
பாதியில் விழுங்கினேன்.

நம்புசெல்வி அந்த மூலையைப் பார்க்கவில்லை.
பார்த்துவிட்டாளா என்று
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிண்ட் கேட்டாள்.
மை இல்லை, ஜூனிலிருந்து.
பரவாயில்லை என்று அடிக்கோலை எடுத்து
நோட்டில் கட்டம் போடத் தொடங்கினாள்,
ஏ, பி, சி தலைப்போடு,
சமக்குறியைக்கூட விடாமல்.
பக்கத்திலிருந்த முனீஸ்வரி சொன்னாள்:
"எங்கம்மாவுக்கு ஒரு வரிசை விடுடி."
பின்னாலிருந்து இன்னொரு குரல்:
"எங்க அத்தைக்கும்."

மணி அடித்தது. யாரும் எழவில்லை.
பிறகு எல்லோரும் ஓடினார்கள்,
அன்று சத்துணவில் முட்டை.

மூடப் போனேன்.
மாற்றங்களைச் சேமிக்கவா என்றது திரை.
அந்நேரம் பார்த்து மின்சாரம் போனது.
விசிறி நின்றது. இன்வெர்ட்டர் கீச்சிட்டது.
திரை அணையவில்லை.
அவர் தந்த மின்சாரத்திலேயே
கோப்புக்குப் பெயர் தட்டினேன்:
பயிற்சி மூன்று.
எவர் கண்ணும் நிற்காத பெயர்.
பயத்தில் வைத்தேனா, சூதானமாக வைத்தேனா,
எனக்கே தெரியவில்லை.

கீழே எத்தனை வரிசை காலி என்று
இழுத்துப் பார்த்தேன்.
இழுக்க இழுக்க
வந்துகொண்டே இருந்தது.